டி டிரைவில் இருந்த குறிப்புகள்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கம்ப்யூட்டரைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறேன், ஆனால் இது உங்களைப் பற்றியது. 2005 முதல் 2011 வரை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள். கேள்வி எல்லாம் கேட்க மாட்டேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கினோம். பரணிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் இறங்கியது. 2005-இல் பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. என் அக்கா மகன் மதுரையில் ஒவ்வொரு சாமானாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தான். பென்டியம் 4, 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், வயிறு தள்ளிய பெரிய மானிட்டர். அன்றைக்கு எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான். உங்களில் சிலர் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அதில் படம் வரைந்து விளையாடியது நினைவிருக்கும்.

பழைய இரும்புக்காரர் மானிட்டரையும் பெட்டியையும் சேர்த்து 400 ரூபாய் என்றார். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் கண்டக்டர் மாமா, அப்போதே தூக்கிக் கொடுக்கத் தயார். நான்தான் தடுத்தேன். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவின் பேத்தி ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. டைப் அடித்துப் பழக ஒரு பெட்டி கிடைத்தால் போதும் என்று அந்த அம்மா ஒருநாள் சொல்லியிருந்தார். சரி, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அந்தப் பிள்ளைக்கே கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது! தேதி மட்டும் 2002 என்று காட்டியது. உள்ளே இருக்கும் காசு மாதிரியான பேட்டரி செத்துப்போனால் கடிகாரம் தன் பிறந்த காலத்துக்கே போய்விடுமாம். எஃப் 1 அழுத்தினால் மேலே போனது. விண்டோஸ் எக்ஸ்பி, பச்சை மேடு, நீல வானம். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உள்ளே சி, டி, ஈ, எஃப் என்று நாலு டிரைவ். ஹார்ட் டிஸ்க் என்னவோ ஒன்றுதான். அதை நாலாகப் பிரித்திருந்தான் அக்கா மகன். அந்தக் காலத்தில் பூட்டிக் கொடுப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் ஃபார்மேட் போட்டு விண்டோஸைத் திரும்ப ஏற்றலாம், மற்ற டிரைவில் இருப்பதற்குச் சேதம் வராது. டி-க்கு 'பள்ளி', ஈ-க்கு 'போட்டோ', எஃப்-க்கு 'வீடு' என்று பெயர் வைத்திருந்தேன். நாலையும் கூட்டினால் 80 வராது, எழுபத்து நாலரைதான் வரும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அப்போது அக்கா மகனோடு சண்டை போட்டேன். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது, அவ்வளவுதான். கணக்கு டீச்சருக்கு அது புரிய ஆறு மாதம் ஆனது.

பெங்களூரில் இருக்கும் பேரன் வீடியோ காலில் வழி சொன்னான். முதலில் போட்டோக்களையும் வீட்டுக் கணக்கையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். டி-யைத் திறக்கவில்லை. அதில் கேள்வித்தாள், எமிஸ் விவரம், உதவித்தொகைப் பட்டியல் இதுதானே இருக்கப் போகிறது என்று நினைத்தேன். பிறகு மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். ஹார்ட் டிஸ்க் ஒரு நீளமான பட்டையாகத் தெரிந்தது. சி தனியாகக் கருநீலத் தலைப்போடு நின்றது. மற்ற மூன்றும் ஒரு பச்சைக் கட்டத்துக்குள் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ரைட் கிளிக், டெலீட், ஆமாம். கடைசியாகப் பச்சைக் கட்டத்தையும் டெலீட். பட்டையில் சி-யைத் தவிர மீதி இடமெல்லாம் கறுப்பாகிவிட்டது. மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஒரு பழைய நோட்டை அடுப்பில் போட்டால்கூட எரிய அதைவிட அதிக நேரம் பிடிக்கும். சி-யை மட்டும் அழிக்க விடவில்லை. அதன் மேல்தானே விண்டோஸ் உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்த கிளையை வெட்ட விடுமா?

அந்தச் சி-க்காகத்தான் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் என்னிடம் படித்த பிள்ளை. பெயர் சொன்னால் கூச்சப்படுவார். "உள்ளே இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டீங்களா டீச்சர்?" என்றார். "அழிச்சிட்டேன்ப்பா, பார்ட்டிஷனையே அழிச்சிட்டேன்" என்றேன் பெருமையாக. அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்த சிரிப்பு. பாதி வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டு முடித்துவிட்டேன் என்று நீங்கள் உட்காரும்போது நான் சிரித்தது.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு ஒயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். டெஸ்ட் டிஸ்க் என்று ஒரு மென்பொருள். கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்ததாம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று பட்டன் அழுத்தினார். டீக்கடையில் டீ ஆற்றி முடிப்பதற்குள் சி, டி, ஈ, எஃப் நாலும் வரிசையாக வந்து நின்றன. டி-யின் மேல் வைத்து இன்னொரு பட்டன். உள்ளே இருந்த கோப்புகளின் பெயர் முழுவதும் ஓடியது.

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்கின் முதல் துண்டு 512 பைட். அதில் 446 பைட் கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல். அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் பட்டியல். ஒரு வரிக்கு 16 பைட்டாக நாலே நாலு வரி: எந்த டிரைவ் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்று. கடைசி இரண்டு பைட் முத்திரை மாதிரி. கூட்டிப் பாருங்கள், சரியாக 512 வரும். டி, ஈ, எஃப் மூன்றும் ஒரே வரிக்குள் அடங்கி, ஒன்றன் பின்னால் ஒன்று தோளைப் பிடித்து நிற்கும், நம் ரயில் விளையாட்டு மாதிரி. நான் டெலீட் கொடுத்தபோது அழிந்தது இந்தப் பட்டியல் வரிகள் மட்டும். பிள்ளை டி.சி. வாங்கியதும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் பெயரை அடிப்போமே, அதுதான். பெயரை அடித்தால் பிள்ளை ஊரைவிட்டா போய்விடுகிறது? தெருவில் விளையாடிக்கொண்டுதான் இருக்கும். போய்க் கூப்பிட்டால் வந்து நிற்கும்.

"அப்ப ஃபார்மேட் போட்டா?" என்றேன். அதுவும் முழுதாகப் போகாதாம். குவிக் ஃபார்மேட் என்பது பொருளடக்கத்தை மட்டும் புதிதாக எழுதுவது. எக்ஸ்பி-யில் மணிக்கணக்கில் ஓடும் முழு ஃபார்மேட்கூடக் கெட்டுப்போன இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்குமே தவிர, பழையதன் மேல் எதையும் எழுதாது. விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மேட் போட்டால் எல்லா இடத்திலும் பூஜ்ஜியம் எழுதும் முறை வந்தது. ஆக, எத்தனை பேர் ஃபார்மேட் போட்டுவிட்டோம் என்று நம்பிக் கம்ப்யூட்டரை விற்றிருப்பார்கள் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

ஓடிய பெயர்களில் உதவித்தொகைப் பட்டியல் இருந்தது. உங்கள் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, சாதி, வங்கிக் கணக்கு எண், பின்னால் வந்த பிள்ளைகளுக்கு ஆதார் எண். பள்ளியில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எல்லாவற்றையும் வீட்டில்தானே டைப் அடித்தேன். 400 ரூபாய்க்கு அதைத்தான் எடைக்குப் போட இருந்தேன். அதற்குக் கீழே ஒரு ஃபோல்டர். 'குறிப்பு'.

நான் சுத்தமாக மறந்துபோன ஃபோல்டர். பார்த்த உடனே ஞாபகம் வந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சியில் உளவியல் பாடத்தில் தனியாள் ஆய்வு என்று ஒன்று உண்டு. ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு அதன் வீடு, உடம்பு, பழக்கம் எல்லாவற்றையும் கவனித்து எழுத வேண்டும். எனக்கு அது பிடித்துப்போய், வேலைக்கு வந்த பிறகும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கியதும் அதிலேயே டைப் அடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ஆறு வருஷம்.

கடைக்காரத் தம்பி ஒரு கோப்பைத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்துத் திறந்தார். ஒன்றும் புரியாத கிறுக்கலாக வந்தது. நான் வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்தது, அவரிடம் அந்த எழுத்துரு இல்லை. "ஃபான்ட் இறக்கிப் போட்டா தமிழ் வந்துடும் டீச்சர்" என்று கையை எடுத்துப்போனார். "வேண்டாம்ப்பா, நிறுத்து" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. அவர் 2006-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு. அந்த ஃபோல்டரில் அவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. எடுத்த கோப்பை என் கண் முன்னால் அழித்தார். "டீச்சர், பட்டியலைத் திரும்ப எழுதி, டிஸ்கை உங்க பெட்டியிலேயே மாட்டித் தர்றேன். வீட்டுல வச்சுப் பாருங்க. நாளைக்குக் கொண்டு வாங்க, உண்மையாவே அழிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு டீ சொல்ல எழுந்துபோனார். டீச்சர் வேலை பார்த்ததற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அன்று ராத்திரி உட்கார்ந்தேன். டி டிரைவ் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது. அதில் எழுத்துருவும் இருந்தது. இரண்டு மணி வரை படித்தேன்.

என்ன எழுதியிருந்தேன் என்று முழுவதும் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி தீப்பெட்டிக்கு உள்கூடு ஒட்டிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கிய பிள்ளை. திங்கட்கிழமை மட்டும் சத்துணவில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அதற்கு ஒழுங்கான சாப்பாடு இருந்திருக்காது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தேன். யார் அப்பா குடித்தார், யார் அம்மா கோபித்துக்கொண்டு போனார், யாருக்கு எந்த வீட்டில் அடி விழுந்தது. எந்தப் பெண்பிள்ளையை எந்த வழியில் தனியாக அனுப்பக் கூடாது என்றுகூட இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட உங்களிடமோ உங்கள் வீட்டிலோ கேட்டு எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பிள்ளைகள் இருக்கின்றன.

ஒரு பக்கத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

கொடி நாளுக்கு வசூலித்த 60 ரூபாய் ஒருமுறை மேசையிலிருந்து காணாமல் போனது. ஒரு பையன் மேல் எனக்குச் சந்தேகம். 'கை நீளம். கவனிக்க வேண்டும்' என்று அவன் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பணம் கிடைத்தது. என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்கும் அதற்குப் போட்ட பிரவுன் பேப்பருக்கும் நடுவில் இருந்தது. நானே வைத்து மறந்தது. வகுப்பில் பணம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அந்த வரியை மட்டும் திருத்தவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு காரணம் இல்லை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. நீங்கள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனபோது, புது ஆசிரியருக்கு உதவியாக இருக்குமே என்று சில பிள்ளைகளின் பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தனுப்பினேன். யார் யாருடையது என்று ஒரு பட்டியலும் அந்த ஃபோல்டரிலேயே இருந்தது. அவன் பெயர் அதில் இருந்தது.

மறுநாள் காலையில் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். இப்போது வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார். கொடி நாள் பணம் என்றதும் சிரித்தார். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்." நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். அச்செடுத்துக் கொடுத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆறாங்கிளாஸ்ல என்ன காணாமப் போனாலும் சார் முதல்ல என் பையைத்தான் பார்ப்பாரு டீச்சர். ஏன்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "விடுங்க டீச்சர், சாப்பிட்டீங்களா" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டு, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். யார் என்று யாரும் கேட்காதீர்கள், கமெண்டில் ஊகிக்கவும் வேண்டாம்.

அழிப்பதா, உங்கள் ஒவ்வொருவருக்கும் உங்கள் பக்கத்தை அனுப்புவதா என்று யோசித்தேன். என் வீட்டுக்காரர், "அழிச்சிட்டா நீ தப்பிச்ச மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டிக்கெட் கிழித்தவர் என்று அவரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆனால் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் வீட்டு விஷயமும் கலந்திருந்தது. பத்து வயதில் நீங்களே மறக்க நினைத்ததை முப்பது வயதில் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. அழிக்கத்தான் முடிவு செய்தேன். சரியா தப்பா என்று நீங்கள் சொல்லுங்கள், திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கே பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனோம். டிபேன் என்று ஒரு சிடி. அதைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினால் விண்டோஸ் வராது, இது மட்டும்தான் வரும். வேறு ஹார்ட் டிஸ்க் ஏதும் மாட்டியிருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும் என்று தம்பி இரண்டு முறை சொன்னார், தவறுதலாக அதைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் போய்விடும். இது பட்டியலைத் தொடுவதோடு நிற்பதில்லை. முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை பூஜ்ஜியமாக எழுதிக்கொண்டே போகும். கரும்பலகையை வெறும் டஸ்டரால் துடைத்தால் சாய்ந்த வெளிச்சத்தில் நேற்றைய கணக்கு தெரியும், ஈரத்துணி போட்டால்தான் போகும் என்று உங்களுக்குத் தெரியுமே. எத்தனை முறை எழுத வேண்டும் என்று கேட்டேன். பீட்டர் கட்மன் என்பவர் 1996-இல் 35 முறை என்று எழுதினாராம். பிறகு அவரே இந்தக் கால டிஸ்குகளுக்கு அது தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். ஒரு முழுச் சுற்று போதும் என்றார் தம்பி.

"எஃப் 10 நீங்களே அழுத்துங்க டீச்சர்." அழுத்தினேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நான் எழுந்திருக்கவே இல்லை. முடிந்ததும் மறுபடி டெஸ்ட் டிஸ்க் போட்டுத் தேடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. ஆழமாகத் தேடு என்றேன். அப்போதும் வரவில்லை.

அந்தத் தம்பி கடைசி வரை தன் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்: "உன் பக்கத்துல ஒரே ஒரு வரிதான்ப்பா. ரேடியோவைக் கழற்றிப் பூட்டுகிறான்னு." காசு வாங்க மறுத்துவிட்டார். புது பேட்டரிக்கு மட்டும் 40 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால் இரண்டு வார்த்தை. இப்போதைய லேப்டாப்களில் வரும் எஸ்.எஸ்.டி.க்கும் பென் டிரைவுக்கும் இப்படிப் பூஜ்ஜியம் எழுதுவது நம்பகமான வழி இல்லையாம். எஸ்.எஸ்.டி.யை அழிப்பதற்குத் தனிக் கட்டளை உண்டு, விவரம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஆதாரைப் பிரிண்ட் எடுத்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டரையும், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அதுவும் முழு அழிப்பு இல்லைதான், சும்மா விட்டு வருவதற்கு மேல். ஆசிரியராக இருக்கும் என் மாணவிகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் வருஷக் கடைசியில் ஒரு தடவை உட்கார்ந்து எதைத் திருத்த வேண்டும், எதைக் கிழிக்க வேண்டும் என்று பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

கம்ப்யூட்டரில் இப்போது பப்பி லினக்ஸ் என்ற சின்ன இயங்குதளம் ஓடுகிறது. பழைய பெட்டிக்கு அது பாரமில்லை. பூக்கட்டும் அம்மாவின் பேத்தி மூன்று நாளில் என்னைவிட வேகமாக டைப் அடிக்கிறாள். என் வீட்டுக்காரர், முதல் நாளே சுத்தியலால் ஒரு போடு போட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பரணில் இரண்டு பழைய செல்போன் வேறு இருக்கிறது. பேட்டரி இருக்கும் எதையும் சுத்தியலால் அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

போட்டோக்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆண்டு விழா, விளையாட்டு விழா, திருச்செந்தூர் சுற்றுலா எல்லாம் உண்டு. வேண்டுபவர்கள் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷத்தை மட்டும் கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். சுற்றுலாப் படத்தில் கடலைப் பார்த்து அழுதது யார் என்பது எனக்குத் தெரியும், அதையும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்